சுழற்சிப் பொருளாதாரத்தில் ஆய்வுப் போக்குகளைத் தொகுப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியாக

பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாயிற்று. "சர்க்குலர் எகானமியில் ஒரு ரிவியூ பேப்பர் கொண்டுவாருங்கள், பிறகு தலைப்பைப் பேசலாம்" என்று கைடு சொல்லிவிட்டார். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்பாட்டில் வைக்கும் சுழற்சிப் பொருளாதாரம் (அதுதான் சர்க்குலர் எகானமி), நீடித்த நுகர்வும் உற்பத்தியும் ஆகிய இரண்டிலும் ஆண்டுதோறும் வரும் பேப்பர்கள் ஆயிரக்கணக்கில். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து முடிக்க ஒருவராலும் ஆகாது. அதனால்தான் பதிவுகளை மொத்தமாக இறக்கி, கீவேர்டையும் மேற்கோள்களையும் எண்ணிப் போக்கு பார்க்கும் பிப்ளியோமெட்ரிக் முறைக்கு எல்லோரும் போகிறார்கள்.

இதற்கான மென்பொருள் இலவசம். பொத்தானை அழுத்தினால் வண்ண வண்ணமாகப் படம் வந்துவிடும். சிக்கலே அங்கேதான்: தப்பான தரவைக் கொடுத்தாலும் படம் அதே அழகோடு வரும். எந்த இடத்தில் தப்பு நுழைகிறது, ஏன் நுழைகிறது என்பதற்குக் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தேடுசொற்களை ஆங்கில ஒலிப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

மொத்தக் காலம்: வேறு வேலையும் பார்த்துக்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 14 முதல் 16 வாரம். "ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவர்கள் முதல் மூன்று படிகளைச் செய்வதே இல்லை.

1. கேள்வியைச் சுருக்குங்கள் (ஒரு வாரம்)

"சுழற்சிப் பொருளாதாரத்தில் ஆய்வுப் போக்குகள்" என்ற தலைப்போடு போனால் எடிட்டர் மேசையிலேயே திரும்பி வரும். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஏராளமாக வந்துவிட்டன. ஒரு பொருள் அல்லது தொழில், ஒரு கேள்வி, ஒரு காலவரம்பு ஆகிய மூன்றும் தலைப்பில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: "2010 முதல் 2024 வரை, ஜவுளிக் கழிவை மீண்டும் நூலாக்குவது பற்றிய ஆய்வுகளில் தெற்காசியாவின் இடம்."

சுழற்சிப் பொருளாதாரத்தையும் நீடித்த நுகர்வையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆய்வு இலக்கியத்தில் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் ஆலை, பொருள், வணிக மாதிரி என்று ஓடும். இரண்டாவது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 12-ஐ ஒட்டி வீடு, உணவு விரயம், வாங்கும் பழக்கம் என்று ஓடும். கிர்ச்ஹெர், ரைக்கே, ஹெக்கர்ட் மூவரும் 2017-இல் 114 வரையறைகளை அலசியபோது, நுகர்வோரைப் பற்றிப் பேசிய வரையறைகள் சிலவே என்று கண்டார்கள். சமூக நீதியும் அடுத்த தலைமுறையும் அவற்றில் தலைகாட்டவேயில்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே இரண்டையும் தலைப்பில் போடுவதானால் தேடலும் இரண்டாக இருக்க வேண்டும். ஒரே தேடலில் இரண்டையும் கலந்தால், எண்ணிக்கையில் பெரியது சிறியதை விழுங்கிவிடும்.

2. அனுமதியும் செலவும் (முதல் வாரத்திலேயே)

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் இரண்டும் ஆய்வுப் பேப்பர்களின் விவரங்களையும் மேற்கோள்களையும் தேடித்தரும் சந்தாத் தரவுத்தளங்கள். கல்லூரி நூலகரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எது இருக்கிறது, வீட்டிலிருந்து திறக்க வழி உண்டா, வெப் ஆஃப் சயன்ஸ் என்றால் எந்த ஆண்டிலிருந்து. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நிறுவனம் கட்டிய சந்தாவைப் பொறுத்துப் பழைய ஆண்டுகள் தெரியாமல் போகும். அது தெரியாமல் "2005-க்கு முன் ஆய்வே இல்லை" என்று எழுதியவர்கள் உண்டு.

2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. முழுப் பேப்பரைப் படிக்க அது உதவும். தேடல் தரவுத்தளம் வேறு சமாச்சாரம், அதைத் தனியாக விசாரியுங்கள். தனியார் கல்லூரி என்றால் முதல் கட்டத்தில் இந்தத் திட்டம் உங்களுக்கு இல்லை.

இரண்டு தளமும் கிடைக்காவிட்டால் ஓப்பன்அலெக்ஸ், லென்ஸ் இரண்டும் பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடியவை. ஓப்பன்அலெக்ஸில் ஒரு குறை: ஆசிரியர் தானே கொடுத்த கீவேர்ட் அதில் இருக்காது, இயந்திரம் ஒட்டிய தலைப்புகள்தான் இருக்கும். கீவேர்ட் வரைபடம்தான் உங்கள் பேப்பரின் மையம் என்றால் அது போதாது. கூகுள் ஸ்காலரை முதன்மைத் தளமாக வைக்காதீர்கள். மொத்தமாக இறக்க வழியில்லை, அதே தேடலை அடுத்த வாரம் போட்டால் அதே விடை வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

செலவுக் கணக்கு சின்னது. கீவேர்ட், மேற்கோள் வலைகளை வரையும் வாஸ்வியூவர் (லைடன் பல்கலைக்கழகத்துடையது), ஆர் நிரல்மொழி, அதில் ஓடும் பிப்ளியோமெட்ரிக்ஸ் தொகுப்பு எல்லாம் இலவசம். மேற்கோள் மேலாண்மைக்கு ஸோட்டெரோவில் 300 எம்.பி. இலவச இடம் உண்டு; பி.டி.எஃப்.களைச் சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அது தாராளம். 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி சில ஆயிரம் பதிவுகளைத் தாங்கும். பெரிய செலவு கடைசிப் படியில்தான் காத்திருக்கிறது.

3. தேடுதொடர்: மூன்று வாரம் இதற்கே

மொத்த வேலையில் முக்கால்வாசி இங்கேதான் தீர்மானமாகிறது. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்களோ, அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர்களின் வரைபடம்தான் வரும். துறையின் வரைபடம் வராது.

தொடரை மூன்று கூடைகளாகப் பிரித்து எழுதுங்கள். முதல் கூடை கருத்து: 'சர்க்குலர் எகானமி', 'சர்க்குலர் பிசினஸ் மாடல்', 'குளோஸ்ட் லூப் சப்ளை செயின்', 'எக்ஸ்டெண்டட் புரொட்யூசர் ரெஸ்பான்சிபிலிட்டி'. இரண்டாவது பொருள்: 'டெக்ஸ்டைல்', 'கார்மென்ட்', 'அப்பேரல்', 'காட்டன் வேஸ்ட்'. மூன்றாவது செயல்: 'ரீசைக்ளிங்', 'ரீயூஸ்', 'ரீமேனுஃபேக்சரிங்'. கூடைக்குள் 'அல்லது', கூடைகளுக்கு இடையே 'மற்றும்'. ஒவ்வொரு கூடையையும் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இது அழகுக்காக இல்லை. ஸ்கோப்பஸ் 'அல்லது' குறியை முதலில் கணக்கிடும், வெப் ஆஃப் சயன்ஸ் 'மற்றும்' குறியை முதலில் கணக்கிடும். அடைப்புக்குறி இல்லாத ஒரே தொடர் இரண்டு தளத்திலும் இரண்டு வேறு கேள்விகளாகிவிடும். எண்ணிக்கை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது, பொய்யாக வந்து சேரும் பதிவுகள். 'சர்க்குலர்' என்ற சொல்லுக்குப் பின்னால் நட்சத்திரக்குறி போட்டு விட்டுவிட்டால் சர்க்குலர் ஆர்.என்.ஏ. பற்றிய உயிரியல் பேப்பர்கள் கூட்டமாக வரும். 'சர்க்குலரிட்டி' தனியாகப் போட்டால், துளையின் வட்டத்தன்மையை அளக்கும் இயந்திரவியல் பேப்பரும் செல்லின் வடிவத்தை அளக்கும் பேப்பரும் வரும். 'குளோஸ்ட் லூப்' மட்டும் போட்டால் கட்டுப்பாட்டுப் பொறியியல் வரும். '3ஆர்' (நமக்கு ரெட்யூஸ், ரீயூஸ், ரீசைக்கிள்) என்றால் விலங்குச் சோதனை நெறிமுறை வரும்; அவர்களுக்கும் ஒரு 3ஆர் உண்டு. நீடித்த நுகர்வு, உற்பத்திக்கான 'எஸ்.சி.பி.' என்ற சுருக்கம் ஒற்றைச் செல் புரதத்துக்கும் பொருந்தும், சர்க்குலர் எகானமிக்கான 'சி.இ.' கேபிலரி எலக்ட்ரோஃபொரேசிஸ் என்ற ஆய்வக முறைக்கும் பொருந்தும். 'ரெஸ்பான்சிபிள் கன்சம்ப்ஷன்' போட்டால் மது அருந்துவது பற்றிய ஆய்வுகள் எட்டிப்பார்க்கும். சுருக்கெழுத்துகளைத் தேடுதொடரில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். முழுச்சொல்லை இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள்.

இன்னொரு நுணுக்கம், எந்தப் புலத்தில் தேடுகிறீர்கள் என்பது. ஸ்கோப்பஸில் தலைப்பு, சுருக்கம், கீவேர்ட் என்று தேடும்போது கீவேர்ட் என்பதில் தளமே ஒட்டிய சொற்களும் அடக்கம். வெப் ஆஃப் சயன்ஸின் 'டாபிக்' புலத்தில் 'கீவேர்ட்ஸ் பிளஸ்' இருக்கிறது. அது அந்தப் பேப்பர் மேற்கோள் காட்டிய பிற பேப்பர்களின் தலைப்பிலிருந்து தானாக எடுக்கப்படுவது. பேப்பரில் ஒரு இடத்தில்கூட வராத சொல்லுக்காக அந்தப் பேப்பர் உங்கள் கைக்கு வரலாம். அது போக, சுருக்கத்தின் கடைசி வரியில் "இது சுழற்சிப் பொருளாதாரத்துக்கு உதவும்" என்று ஒப்புக்கு எழுதும் வழக்கம் பொருளறிவியலில் மிக அதிகம். அவை வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

இனி எதிர்ப்பக்கம்: தவறிப்போகும் பதிவுகள். நம் ஊர்ப்பக்கத்து ஆய்வுகள் அதிகம் காணாமல் போவது இங்கேதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வெட்டி விழும் துண்டுத்துணியைப் பிரித்துப் பஞ்சாக்கி, சுற்றுவட்டார ஓ.இ. மில்களில் மறுபடி நூலாக்குவது இன்று நேற்று வந்த தொழில் இல்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் 'ஓப்பன் எண்ட் ஸ்பின்னிங்', 'காட்டன் வேஸ்ட்' என்றுதான் எழுதினார்கள். ஹரியானாவின் பானிபட் ஆலைகளைப் பற்றியது, பழந்துணியைக் கிழித்து நூலாக்குவதைக் குறிக்கும் 'ஷாடி' என்ற சொல்லில் கிடக்கிறது. சாயப்பட்டறைகளில் தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மீட்டுப் பயன்படுத்துவது 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்', 'பிரைன் ரீயூஸ்' என்ற பெயரில் வேதிப்பொறியியல் இதழ்களில் இருக்கிறது. நம்ம காயலாங்கடைக்காரரும் தெருவில் பொறுக்குபவரும் 'இன்ஃபார்மல் ரீசைக்ளிங்', 'வேஸ்ட் பிக்கர்', 'ஸ்கிராப் டீலர்', 'கபாடிவாலா' என்ற சொற்களுக்குள் இருக்கிறார்கள். இவற்றில் 'சர்க்குலர் எகானமி' என்ற சொல்லே இல்லாத பேப்பர்கள் ஏராளம். முதல் கூடையில் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தேடிவிட்டு, "தெற்காசியாவில் ஆய்வு குறைவு, பெரிய இடைவெளி இருக்கிறது" என்று முடிவு எழுதுவது இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அங்கே குறைந்திருப்பது அந்தச் சொல்லின் புழக்கம். ஆய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே இரண்டாவது தொடர் ஒன்றை எழுதுங்கள்: கருத்துக் கூடையை எடுத்துவிட்டு, தொழில் வழக்குச் சொற்களை வைத்து. இரண்டு தொகுப்புகளையும் தனித்தனியாக வைத்திருங்கள். எவ்வளவு பேப்பர் இரண்டிலும் பொது, எவ்வளவு இரண்டாவதில் மட்டும் என்ற எண்ணே உங்கள் பேப்பரின் சிறந்த கண்டுபிடிப்பாக அமையலாம்.

4. தொடரைச் சோதியுங்கள் (நான்கு நாள்)

உங்கள் தலைப்பில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று கைடும் நீங்களும் ஒப்புக்கொள்ளும் 15 பேப்பர்களைத் தேடாமலேயே பட்டியலிடுங்கள். தொடரை ஓட்டிவிட்டு அந்தப் 15-இல் எத்தனை சிக்கியது என்று பாருங்கள். 13 சிக்கினால், விட்டுப்போன இரண்டும் ஏன் விட்டுப்போயின என்று தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து பாருங்கள். அவற்றில் இருக்கும் ஏதோ ஒரு சொல் உங்கள் கூடையில் இல்லை. அடுத்து, வந்த முடிவுகளில் எங்கிருந்தாவது 100 பதிவை எடுங்கள் (முதல் 100 வேண்டாம், அது தளம் தேர்ந்து கொடுத்தது). அவற்றில் 30-க்கு மேல் சம்பந்தமில்லாதவை என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

ஒவ்வொரு முயற்சியிலும் தேதி, தளம், முழுத்தொடர், வந்த எண்ணிக்கை நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ரிவியூவர் ஆறு மாதம் கழித்து இதைத்தான் கேட்பார்.

5. இறக்குதல் (இரண்டு நாள்)

காலவரம்பை முழுதாக முடிந்த ஆண்டோடு நிறுத்துங்கள். ஜூனில் தேடிவிட்டு நடப்பு ஆண்டையும் சேர்த்தால் வரைபடத்தின் கடைசிக் கம்பம் பாதியாக நிற்கும். "ஆர்வம் சரிந்துவிட்டது" என்று அதற்கு விளக்கம் எழுதி அச்சானதும் உண்டு.

ஸ்கோப்பஸில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மேற்கோள் பட்டியலுக்கான பெட்டி தானாகத் தேர்வாகி இருக்காது. அதை டிக் செய்யாமல் இறக்கினால் இணைமேற்கோள் பகுப்பாய்வு (எந்த இரண்டு பேப்பர்கள் சேர்ந்தே மேற்கோளாகின்றன என்று பார்ப்பது) நடக்காது. மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும், அதற்குள் தளத்தில் எண்ணிக்கையும் மாறியிருக்கும். வெப் ஆஃப் சயன்ஸில் மேற்கோள் பட்டியலோடு ஒரு கோப்புக்கு 500 பதிவுதான். 2,300 பதிவு என்றால் ஐந்து கோப்பு. 1-500, 501-1000 என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்காவிட்டால் ஒன்றை இரண்டு தடவை இறக்கிவிட்டு ஒன்றைத் தவறவிடுவீர்கள்.

இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். எக்செலின் ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துதான் அடங்கும். ரிவியூ பேப்பர்களின் மேற்கோள் பட்டியல் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தாண்டினால் பட்டியல் அறுபடும் அல்லது அடுத்த கட்டங்களுக்கு வழிந்து வரிசை குலையும். எந்த எச்சரிக்கையும் வராது. துறைக்கே அடித்தளமான பேப்பர்களை அதிகம் மேற்கோள் காட்டுவது ரிவியூக்கள்தான் என்பதால் இந்த இழப்பு படத்தில் நேரடியாகத் தெரியும். எக்செல் பிரெஞ்சு, ஸ்பானியப் பெயர்களின் எழுத்துகளையும் சிதைக்கும், ஒரே ஆசிரியர் இரண்டு பேராகிவிடுவார். பார்க்கத்தான் வேண்டுமென்றால் நகலைத் திறந்து பாருங்கள். மூலக்கோப்பைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டி வையுங்கள்.

இரண்டு தளத்துப் பதிவுகளையும் ஒன்றாக்க ஆசை வரும். பிப்ளியோமெட்ரிக்ஸில் அதற்குக் கட்டளையும் உண்டு, இரட்டிப்பை நீக்கியும் தரும். ஆனால் மேற்கோளை எழுதும் பாணி இரண்டு தளத்திலும் வேறு. ஒரே பேப்பர் இரண்டு புள்ளியாகிவிடுவதால் இணைமேற்கோள் வலை நம்பத்தகாததாகிவிடும். கட்டுரை எண்ணிக்கைக்கு இரண்டையும் சேருங்கள். வலை வரைய ஒரே தளத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

6. வடிகட்டல் (நான்கு வாரம்)

ஒரு சுருக்கத்தைப் படித்து 'வேண்டும், வேண்டாம்' என்று முடிவெடுக்கச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகும். 1,800 சுருக்கம் என்றால் 30 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செய்தால் கண் ஓடும், மூளை ஓடாது. விதிகளை முன்பே எழுதுங்கள்: ஆங்கிலம் மட்டுமா, கருத்தரங்கக் கட்டுரை உண்டா, ஆய்வகச் சோதனை மட்டும் உள்ளவை உண்டா.

இன்னொருவரும் தனியாக 200 பதிவையாவது பார்க்க வேண்டும். உடன்பாட்டைச் சதவீதத்தில் சொன்னால் போதாது, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் கப்பா எண்ணைக் கணக்கிடுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 200-இல் இருவரும் 'வேண்டும்' 70, இருவரும் 'வேண்டாம்' 100, நீங்கள் மட்டும் 'வேண்டும்' 18, நண்பர் மட்டும் 'வேண்டும்' 12. உடன்பாடு 170/200, அதாவது 0.85. தற்செயலாகவே ஒத்துப்போகும் வாய்ப்பு: (0.44 × 0.41) + (0.56 × 0.59) = 0.51. கப்பா = (0.85 − 0.51) ÷ (1 − 0.51) = சுமார் 0.69. பார்க்க 85 சதவீதமாக இருப்பது உண்மையில் 'பரவாயில்லை' ரகம்தான். 0.6-க்குக் கீழே போனால் விதியில் தெளிவில்லை என்று பொருள். இருவரும் உட்கார்ந்து முரண்பட்ட 30-ஐயும் பேசி, விதியைத் திருத்தி, வேறு 200-இல் மறுபடி பாருங்கள்.

மதிப்பாய்வை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் பிரிஸ்மா 2020 நெறிமுறையின் ஓட்டப்படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் ஒன்றோடொன்று கழித்தால் சரியாக வர வேண்டும். ரிவியூவர்கள் கூட்டிப்பார்ப்பார்கள். ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பொதுவில் பதியச் சொல்லிக் கேட்டால் பிராஸ்பெரோ தளத்துக்குப் போகாதீர்கள், அது உடல்நலம் சார்ந்த மதிப்பாய்வுகளுக்கானது. ஓ.எஸ்.எஃப். தளத்தில் இலவசமாகப் பதியலாம்.

7. சொற்களைச் சுத்தம் செய்தல் (ஒரு வாரம்)

வாஸ்வியூவரில் 'அனைத்துக் கீவேர்ட்' என்று விட்டால் படத்தின் நடுவில் 'ஆர்ட்டிகிள்', 'ஹ்யூமன்', 'பிரையாரிட்டி ஜர்னல்' என்ற புள்ளிகள் பெரிதாக நிற்கும். தளம் ஒட்டிய குறிச்சொற்கள் அவை. 'ஆசிரியர் கீவேர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு சொற்கோவைக் கோப்பு. சாதாரண நோட்பேடில் இரண்டு நிரல், நடுவில் டேப்: இடப்பக்கம் கிடைத்த சொல், வலப்பக்கம் மாற்ற வேண்டிய சொல். 'லைஃப் சைக்கிள் அசெஸ்மென்ட்', நடுவில் கோடு போட்டது, அடைப்புக்குறியில் எல்.சி.ஏ. சேர்த்தது, வெறும் எல்.சி.ஏ. நான்கும் ஒன்று. 'ஈ-வேஸ்ட்', அதே மின்கழிவைக் குறிக்கும் 'டபிள்யூ.இ.இ.இ.' இரண்டும் ஒன்று. வலப்பக்கத்தை வெறுமையாக விட்டால் அந்தச் சொல் நீங்கிவிடும். டேப்புக்குப் பதில் இடைவெளி விட்டால் கோப்பு ஏற்காது.

எதை இணைக்கக்கூடாது என்பதில்தான் துறை அறிவு வேண்டும். 'ரீயூஸ்', 'ரீசைக்ளிங்', 'ரீமேனுஃபேக்சரிங்' மூன்றையும் சுத்தம் என்ற பெயரில் ஒன்றாக்கிவிட்டால் கேள்வியே செத்துப்போகும். துணியைத் துணியாகவே இன்னொருவர் உடுத்துவதும், கிழித்துப் பஞ்சாக்குவதும் ஒன்றில்லையே. தேடிய சொல்லையே (இங்கே 'சர்க்குலர் எகானமி') படத்திலிருந்து எடுத்துவிட்டும் ஒரு தடவை வரையுங்கள். எல்லாப் புள்ளியோடும் இணைந்து நடுவில் உட்கார்ந்திருக்கும் அது விலகினால்தான் குழுக்கள் பிரிந்து தெரியும்.

8. படமும் போக்கும் (இரண்டு வாரம்)

குறைந்தபட்சத் தோன்றல் எண்ணை (படத்தில் இடம்பெற ஒரு சொல் எத்தனை பேப்பரிலாவது வர வேண்டும் என்பதை), 80 முதல் 150 சொல் மிஞ்சும்படி வையுங்கள். எந்த எண் வைத்தீர்கள், 'ரெசல்யூஷன்' எவ்வளவு, முழு எண்ணிக்கையா பின்ன எண்ணிக்கையா என்று பேப்பரில் எழுதுங்கள். ரெசல்யூஷனை ஏற்றினால் குழு அதிகமாகும். 'ஆறு குழுக்கள் கண்டறியப்பட்டன' என்பது பாதிக்குப் பாதி உங்கள் அமைப்பின் விளைவு. ஒரு குழுவுக்குப் பெயர் வைக்கும் முன் அதிலிருந்து பத்துப் பேப்பரையாவது முழுசாகப் படியுங்கள்.

வளர்ச்சியை எண்ணிக்கையில் சொல்லாதீர்கள், பங்கில் சொல்லுங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 'ரீசைக்ளிங்' 2018-இல் 400-க்கு 100, 2024-இல் 2,000-க்கு 300. எண்ணிக்கை மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. பங்கு 25 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டு எதிரெதிர்க் கதைகள், ஒரே தரவில்.

நிறத்தில் ஆண்டைக் காட்டும் படத்திலும் பொறி உண்டு. அது காட்டுவது சராசரி வெளியீட்டு ஆண்டு. துறையே அண்மையில் வேகமாகப் பெருத்ததால் எல்லாச் சொல்லின் சராசரியும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் நெருங்கிக் கிடக்கும். மஞ்சளாகத் தெரிவதெல்லாம் புதுச் சொல் ஆகாது. பிப்ளியோமெட்ரிக்ஸை நிரல் எழுதாமல் ஓட்ட உதவும் பிப்ளியோஷைனியின் கருப்பொருள் வரைபடத்தில் இடது கீழ் மூலையின் பெயர் 'உருவாகிவரும் அல்லது தேய்ந்துவரும்'. பாதிப்பேர் 'அல்லது'வை விட்டுவிட்டு 'உருவாகிவரும்' என்று எழுதுகிறார்கள். எது என்று தெரிய, காலத்தை மூன்றாக வெட்டி (2010-16, 2017-20, 2021-24) அந்தச் சொல் எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள்.

திடீர் ஏற்றம் கண்டால் அறிவியல் காரணம் தேடும் முன் சட்டக் காரணம் தேடுங்கள். 2024 ஜூலை 18-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எக்கோடிசைன் ஒழுங்குமுறை நடப்புக்கு வந்தது. பொருளின் விவரங்களை மின்வடிவில் தாங்கும் 'டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்' பற்றிய பேப்பர்களை அதோடு வைத்துப் பாருங்கள். சுழற்சிப் பொருளாதாரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 59004, 59010, 59020 ஆகிய தரநிலைகள் 2024 மே மாதம் வெளியாகின. அளவிடுதல் பற்றிய பேப்பர்களை அவற்றோடு வைத்துப் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஜவுளிக் கழிவைத் தனியே சேகரிப்பது கட்டாயம். இந்தியாவில் புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல். இந்த நான்கு தேதிகளையும் ஆண்டுவாரிக் கோட்டுப்படத்தின் மேல் குறித்தாலே பாதி விளக்கம் தானாக வந்துவிடும்.

'மறுசுழற்சி செய்தால் புதிய உற்பத்தி குறையும்' என்பதை முன்னுரையில் உண்மையாக எழுதிவிடாதீர்கள். ஜிங்க், கெயர் இருவரும் 2017-இல் எழுப்பிய மீளெழுச்சி வாதம் நேர் எதிரானது: மலிவான மறுசுழற்சிப் பொருள் சந்தையைப் பெருக்குமே தவிர, புதியதை அதே அளவுக்கு வெளியேற்றாது. உங்கள் தொகுப்பில் எத்தனை பேப்பர் அதை அளந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

9. முன்னுரைக்கான எண்கள் (இரண்டு நாள்)

உலகப் பொருளாதாரம் 6.9 சதவீதம் சுழல்கிறது (பயன்படுத்தும் பொருளில் அவ்வளவுதான் மறுசுழற்சியிலிருந்து வருகிறது) என்பது 2025-இன் சர்க்குலரிட்டி கேப் அறிக்கையின் எண். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதன் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 2024-இல் வெளியிட்டது, 2023-க்கு 11.8 சதவீதம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு "ஐரோப்பா முன்னிலை" என்று எழுதக்கூடாது. கணக்கிடும் முறை வேறு. உணவு விரயத்துக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை: 2022-இல் 105 கோடி டன், வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. மின்கழிவு: 2022-இல் 6.2 கோடி டன், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்த 'பதிவானது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பதிவாகாமல் காயலாங்கடை வழியாகப் போவது அதற்கு வெளியே இருக்கிறது. இந்த எண்களை வேறொரு பேப்பரிலிருந்து எடுக்காமல் மூல அறிக்கையைத் திறந்து பக்க எண்ணோடு எடுங்கள்.

10. இதழ், பணம், சமர்ப்பிப்பு

இதழைத் தேர்ந்தெடுக்க எளிய வழி: உங்கள் தொகுப்பிலேயே அதிகப் பேப்பர் வந்த பத்து இதழ்களைப் பாருங்கள். 'ஜர்னல் ஆஃப் கிளீனர் புரொடக்ஷன்', 'ரிசோர்சஸ், கன்சர்வேஷன் அண்ட் ரீசைக்ளிங்', 'சஸ்டெய்னபிள் புரொடக்ஷன் அண்ட் கன்சம்ப்ஷன்' ஆகியவை சந்தா வழியிலும் வெளியிடும்; அந்த வழியில் ஆசிரியருக்குக் கட்டணமில்லை. சமர்ப்பிக்கும்போது 'திறந்த அணுகல்' (எல்லோரும் இலவசமாகப் படிக்க ஆசிரியர் பணம் கட்டும் வழி) பெட்டியைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஏற்பு வந்தபின் பில்லைப் பார்த்துத் திகைக்காதீர்கள். முழுக்கத் திறந்த அணுகல் இதழ்கள் பலவற்றில் கட்டணம் உண்டு: 'சஸ்டெய்னபிலிட்டி' இதழுக்கு 2025-இல் 2,400 சுவிஸ் பிராங்க், நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். கல்லூரி தருமா என்பதை எழுத்துப்பூர்வமாக வாங்கிய பிறகு சமர்ப்பியுங்கள்.

சமர்ப்பிக்கும் நாளிலேயே அந்த இதழ் தரவுத்தளத்தில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பெயர்களும் நீங்கும். 'கெமோஸ்பியர்' 2024 டிசம்பரில் வெப் ஆஃப் சயன்ஸிலிருந்து நீக்கப்பட்டது. ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யு.ஜி.சி.யின் கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது, ஆகவே எந்தப் பட்டியலை ஏற்பார்கள் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. மேற்கோள் பட்டியலும் தொடர்ந்து 14 சொல் வரை ஒத்துப்போவதும் கணக்கில் வராது. பிப்ளியோமெட்ரிக் பேப்பரில் சிக்குவது பெரும்பாலும் முறையியல் பகுதிதான், எல்லோரும் வாஸ்வியூவரை ஒரே வாக்கியத்தில் விவரிப்பதால். நீங்கள் என்ன எண் வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்று எழுதினால் அந்தப் பகுதி தானாக வேறாகிவிடும்.

கடைசியாக, தேடுதொடர், சொற்கோவைக் கோப்பு, சேர்த்த பேப்பர்களின் டி.ஓ.ஐ. (ஒவ்வொரு பேப்பருக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) பட்டியல் மூன்றையும் ஆய்வுத் தரவைப் பொதுவில் வைக்கும் தளமான ஸெனோடோவில் ஏற்றி அதன் எண்ணைப் பேப்பரில் கொடுங்கள். இலவசம், ஒரு மணி நேர வேலை. ஸ்கோப்பஸிலிருந்து இறக்கிய முழுக்கோப்பை அங்கே ஏற்றாதீர்கள். சந்தா ஒப்பந்தம் அதை அனுமதிக்காது, கேள்வி வந்தால் அது உங்கள் நூலகரின் மேசைக்குத்தான் போகும்.